கழுதைத் தொண்டை

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு தேய்னும் அவன் அக்கா மார்வாவும் வந்துவிடுவார்கள். வாசலில் நின்று பூட்ஸில் ஒட்டிய செம்மண்ணை உதறிவிட்டு, கதவைத் தட்டாமலே உள்ளே வருவார்கள். தேய்ன் நேராக ஜன்னலோர நாற்காலிக்குப் போய், அதில் சாய்ந்திருக்கும் ஆர்டனின் இடது தோளில் ஒரு குத்து விடுவான். வலது தோளில் குத்தினால் ஆர்டனுக்குத் தெரியாது.

"என்னடா, இன்னும் இங்கயேதான் உக்காந்திருக்கியா? எங்கயாவது ஓடிப்போயிருப்பேன்னு நெனச்சேன்."

"ஆமா," என்பான் ஆர்டன்.

பக்கவாதம் அவனிடம் விட்டுவைத்த இரண்டு சொற்களில் அது ஒன்று. இன்னொன்று 'வாளி'. ஏன் வாளி என்று டாக்டருக்கும் தெரியவில்லை. தண்ணீர் கேட்டாலும் வாளி, கால் இழுத்துக்கொண்டாலும் வாளி, மனைவி லாரூவைக் கூப்பிட்டாலும் வாளி. மண்டைக்குள் எல்லாச் சொற்களும் இருந்தபடியே இருந்தன. எதிரில் இருப்பவர் பேசுவதில் ஒரு எழுத்தும் தப்பவில்லை. பதில் மட்டும் நாக்குக்கு வரும்போது வாளியாக மாறி விழுந்தது. எழுதிக் காட்டலாமென்றால் வலது கை மடியில் செத்துக் கிடந்தது. இடது கையில் பேனாவைக் கொடுத்தால் கோடு வந்தது, எழுத்து வரவில்லை. எல்லாவற்றையும்விட மோசம் அந்த 'ஆமா'. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாலும் ஆமாதான் வரும். வாய் ஆமா என்றதும் தலையும் அதன்கூடவே ஆடித் தொலைக்கும்.

அப்படிப் பதினேழு மாதம். எங்கள் எஸ்கலாண்டே ஊரைச் சுற்றியிருக்கும் பாறை இடுக்குகளுக்கு முப்பது வருடம் வெளியூர்க்காரர்களைக் கூட்டிப்போய்க் காட்டிப் பிழைத்தவன், அறுபத்து நாலு வயதில், படுக்கையறைக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருபத்திரண்டு அடியில் அடங்கிப்போனான்.

வியாழக்கிழமைகளில் தேய்ன் பேசுவான். பள்ளிக்கூட பஸ்களுக்கு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். குரல் இன்னும் ஓடுகிற இன்ஜினுக்கு மேலே பேசுகிற குரல்தான். மூவரும் சேர்ந்து போன பயணங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவான்.

"பாஹாவுல அந்தக் கூடாரம் பறந்துச்சே, ஞாபகம் இருக்கா? இவ உள்ள தூங்கறா. காத்து அடிச்ச அடியில கூடாரத்தோட உருண்டு உருண்டு கடலுக்கே போயிட்டா."

"கடலுக்கெல்லாம் போகல," என்பாள் மார்வா. "முள்ளுச்செடியில மாட்டி நின்னுச்சு. உனக்கு எதச் சொன்னாலும் ஒரு முழம் கூட்டித்தான் சொல்லணும்."

"கத சொல்றப்ப குறுக்க வராத அக்கா. அவன் கேக்கட்டும்."

பாஹாவின் அந்தக் கடற்கரைக்கு ரோடு கிடையாது. சாமானையெல்லாம் துடுப்புப் படகில் ஏற்றிக்கொண்டு நாலு நாள் கரையோரமாகப் போக வேண்டும். கிளிஞ்சல் பொறுக்கி நெருப்பில் வாட்டியது, மீன்பிடிக்க வந்த கிழவர் ஒருவர் இவர்களைப் பைத்தியங்கள் என்று நினைத்து எலுமிச்சம்பழம் ஒரு சாக்கு கொடுத்துவிட்டுப் போனது, எல்லாம் வரும். ஆர்டனுக்குக் கேட்கப் பிடிக்கும். கேட்கக் கேட்க எரிச்சலும் வரும். கடைசி நாள் குடிதண்ணீர் தீர்ந்தபோது மறைத்துவைத்திருந்த ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தது மார்வா. தேய்ன் சொல்லும்போது அது தேய்ன் கொடுத்ததாகிவிடும். முன்பெல்லாம் ஆர்டன், "போடா புளுகு மூட்டை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவான். இப்போது, "வாளி," என்றான். தேய்ன், "பாத்தியா, அவனுக்கே ஞாபகம் இருக்கு," என்று தொடையில் தட்டினான்.

அவர்கள் வந்தால் லாரூ சமையலறைக்குப் போய்விடுவாள். கோபமொன்றும் இல்லை. அந்தக் கதைகள் எதிலும் அவள் இல்லை, அவ்வளவுதான். முப்பது வருடமும் பிள்ளைகளோடும் பள்ளிக்கூடச் சமையல் வேலையோடும் ஊரிலேயே இருந்தவள்.

செப்டம்பர் நடுவில் ஒரு வியாழக்கிழமை தேய்ன் நாற்காலியை இழுத்து ஆர்டனுக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"உனக்கு ஒரு பரிசு கொண்டுவரப் போறோம்டா. நீயே சொல்லு அக்கா."

"நீயே சொல்லு. வாய் துறுதுறுங்குதே உனக்கு."

"கழுதைத் தொண்டைக்குப் போறோம்! அடுத்த வாரத்துக்கு அடுத்த வெள்ளி. தலையில கேமராவக் கட்டிக்கிட்டு, மேலேருந்து கீழ வரைக்கும், ஒரு அடி விடாம படம் புடிச்சிட்டு வர்றோம். நீ இங்க உக்காந்தே முழுசாப் போயிட்டு வரலாம்."



கழுதைத் தொண்டை அவர்கள் மூவருக்கு மட்டும் தெரிந்த இடம். தொண்ணூற்றாறில் ஆர்டன் கண்டுபிடித்து, மூவரும் சேர்ந்து பெயர் வைத்து, யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொண்டார்கள். வரைபடத்தில் அப்படி ஒரு பெயர் கிடையாது. பாறைமேட்டில் ஒரு விரிசலில் இறங்க வேண்டும். தோள் உரசுகிற அகலம். இரு பக்கமும் நூறடிச் சுவர். மூன்று இடத்தில் செங்குத்தாகக் கயிறு கட்டி இறங்க வேண்டும். இறங்கியதும் கீழே நின்று கயிற்றை உருவிக்கொள்ள வேண்டும், அடுத்த இறக்கத்துக்கு அதே கயிறுதான். உருவிவிட்டால் திரும்ப ஏற வழி இல்லை. கடைசியில் கிணறு போல ஒரு குழி, அதில் குளிர்ந்த தண்ணீரும் ஒரு மணல் திட்டும், அதை ஒட்டி ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவு ஒரு வாசல். அதன் வழியே ஆற்றங்கரைக்கு வந்துவிடலாம்.

அந்த வாசல்தான் இப்போது இல்லை.

போன வருடம் ஏப்ரலில் ஆர்டன் தனியாக ஆற்றோரம் நடந்துபோய்க் கீழ்ப்பக்கத்திலிருந்து அதைப் பார்த்துவிட்டு வந்தான். குளிர்காலத்தில் மேலேயிருந்து வண்டி அளவு பாறை ஒன்று பெயர்ந்து அந்த வாசலில் குத்தி உட்கார்ந்திருந்தது. வெள்ளம் அதன்மேல் வேரோடு ஒரு மரத்தையும் சேற்றையும் கொண்டுவந்து அப்பியிருந்தது. கையை நுழைக்கக்கூட இடமில்லை. தேய்னும் மார்வாவும் அப்போது பாஹாவில் இருந்தார்கள். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தான். ஒன்பதாம் நாள் காலை பல் தேய்க்கும்போது கீழே விழுந்தான். அதற்குப் பிறகு அதைச் சொல்ல அவன் பெரிதாக முயலவும் இல்லை. தான் இல்லாமல் அவர்கள் அங்கே போவார்கள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"என்னடா, சந்தோஷம்தானே?" என்றான் தேய்ன்.

இல்லை, போகாதீங்க, கீழ அடைச்சிருக்கு. மூன்றும் மண்டைக்குள் தெளிவாக வரிசையில் நின்றன. ஆர்டன் வாயைத் திறந்தான்.

"ஆமா," என்றது வாய். தலை ஆடியது. "ஆமா. ஆமா. வாளி. வாளி!"

இடது கையால் தேய்னின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தேய்னுக்கும் கண் கலங்கியது. "தெரியும்டா," என்று அந்தக் கையைத் தடவிக்கொடுத்தான். "தெரியும். நீயும் வரணும்னுதான் எங்களுக்கும் ஆச."

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் ஏற்கெனவே இவர்களிடம் சொல்லியிருந்தாள்: இந்த நோய் வந்தவர்களுக்கு அழுகை சட்டென்று வரும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று. அதனால் மார்வாவும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த இரண்டு வாரமும் ஆர்டன் லாரூவிடம் முயன்றான். அவள் கையைப் பிடித்து வாசலைக் காட்டினான். நடக்கப் போகவேண்டும் என்கிறான் என்று நினைத்து, காலுக்கு இரும்புப் பட்டையை மாட்டி முற்றத்தில் இரண்டு சுற்று நடத்திக் கூட்டிவந்தாள். கயிறுகள் வைத்திருந்த அலமாரியைக் காட்டினான். பழைய படங்களை இறக்கிக் கொடுத்தாள். ஒருநாள் இரவு உணவுத் தட்டைச் சுவரில் வீசினான். லாரூ பீங்கான் துண்டுகளைப் பொறுக்கினாள். பிறகு குனிந்தபடியே, "உனக்குப் போக முடியலன்னு வருத்தம், புரியுது. அதுக்கு நான் என்ன பண்ணட்டும், ஆர்டன்? நான் என்ன பண்ணட்டும்?" என்று அழுதாள். டாக்டர் கொடுத்திருந்த தூக்கமாத்திரையில் அரை கூட்டிக் கொடுத்தாள். இரண்டு நாள் அவனுக்குத் தலை நிமிரவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, அவர்கள் வந்தபோது அவன் தயாராக இருந்தான். மேஜைமேல் தாளும் கரிக்கோலும் வைத்திருந்தான். இடது கையால் வரைந்தான். கோடு கோணலாக ஓடியது, ஆனாலும் அந்த வளைவு, மூன்று இறக்கம், கடைசியில் குறுகும் இடம், எல்லாம் வந்தன. மார்வா குனிந்து பார்த்து, "ஐயோ, அப்படியே வரைஞ்சிருக்கான்டா!" என்றாள். குறுகும் இடத்தில் ஆர்டன் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டான். கரிக்கோல் முனை உடைகிறவரை அதன்மேலேயே மறுபடி மறுபடி இழுத்தான்.

தேய்ன் அதைக் கொஞ்சநேரம் பார்த்தான். "புரிஞ்சிருச்சு," என்றான்.

ஆர்டன் கரிக்கோலைக் கீழே போட்டான்.

"அங்க ஒரு மணல் திட்டு இருக்கும்ல, போன தடவை ராத்திரி தங்கினோமே, அக்கா? அங்கதான் தங்கணுமாம். அங்கேருந்து படம் எடுக்கச் சொல்றான். சரிதானேடா?"

"ஆமா," என்றது வாய்.

தேய்ன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "இத சட்டம் போட்டு மாட்டப்போறேன்," என்றான். மார்வா போகும்போது குனிந்து ஆர்டனின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். லாரூவிடம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்துவிடுவோம் என்று சொன்னாள். எங்கே போகிறோம் என்று அவள் சொல்லவில்லை, லாரூவும் கேட்கவில்லை. முப்பது வருடப் பழக்கம் அது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு தேய்னின் வண்டி ஜன்னலுக்கு வெளியே ரோட்டில் மெதுவாகப் போய், ஹார்னை இரண்டு முறை அடித்துவிட்டுப் போனது. ஆர்டன் எழுந்திருக்கப் பார்த்தான். வலது கால் மடங்கி, நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்தான். லாரூ வந்து தூக்கும்வரை சுவர்க்காகிதத்தின் பூக்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பத்து மணிக்கு முதல் கயிறு. மதியத்துக்குள் மூன்றாவது. கயிற்றை உருவும்போது அதன் நுனி மேலேயிருந்து விழுந்து தண்ணீரில் அடிக்கும் சத்தம்கூட அவனுக்குத் தெரியும். இரண்டு மணி சுமாருக்கு அவர்கள் அந்தப் பாறை முன்னால் நிற்பார்கள். அந்த நேரத்தை அவன் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டே இருந்தான்.

சனிக்கிழமை காலை லாரூ பீச் பழங்களை ஜாடியில் போட்டுக்கொண்டிருந்தாள். வருடக் கடைசிப் பழங்கள். எங்கள் ஊரில் அந்த வாரம் எல்லார் வீட்டிலும் இதே வேலைதான். தனியே விட்டால் மறுபடி விழுவான் என்று ஆர்டனையும் சமையலறை மேஜைக்குக் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தாள். கொதிக்கிற பாகு, ஆவி, வரிசையாக ஜாடிகள். அவளுக்கும் அவனுக்கும் நடுவே அகலவாய்ப் புனல் ஒன்று கிடந்தது.

ஆர்டன் அதைக் கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு இடது கையால் இழுத்து, காலி ஜாடி ஒன்றின்மேல் வைத்தான். முழுப் பழம் ஒன்றை எடுத்துப் புனலின் கழுத்தில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினான். பழம் நசுங்கிக் கழுத்தில் இறுகியது.

"என்ன பண்ற நீ? பழத்த வீணாக்காத."

அவன் காதில் வாங்கவில்லை. கழிவுக் கிண்ணத்திலிருந்து இரண்டு பழக்கொட்டைகளை எடுத்தான். ஒவ்வொன்றாகப் புனலுக்குள் போட்டான். இரண்டும் அடைத்த பழத்தின்மேல் போய் நின்றன. அவன் நிமிர்ந்து லாரூவைப் பார்த்தான். பிறகு குளிர்பெட்டிக் கதவைக் காட்டினான். அங்கே காந்தவில்லையில் ஒட்டிய படத்தில் தேய்னும் மார்வாவும் ஏதோ கடற்கரையில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள்.

லாரூ கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள்.

"தேய்னும் மார்வாவுமா?"

"ஆமா."

"உன் ஆமாவ நம்ப முடியாதே." அவள் எதிரே உட்கார்ந்தாள். "இங்க பாரு. சாப்பாடு வேணும்னா தட்ட இழுத்துக்குவ, வேண்டாம்னா தள்ளிவிடுவ. அதுல நீ தப்பினதே இல்ல. வாய விடு. இந்த ஜாடிய வெச்சுச் சொல்லு. இந்தக் கொட்ட ரெண்டும் அவங்களா?"

அவன் ஜாடியைத் தன் பக்கம் இழுத்தான்.

"இந்தப் புனல் அவங்க போன எடம்?"

இழுத்தான்.

"உன்ன விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு கோவமா?"

தள்ளினான். ஜாடி அவள் வயிற்றில் வந்து இடித்தது.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்த எடத்துல கீழ அடைச்சிருக்கா?"

அவன் இழுத்த வேகத்தில் ஜாடி மேஜை விளிம்பைத் தாண்டி மடியில் விழுந்தது. லாரூ அதை எடுத்து மறுபடி நடுவில் வைத்தாள். 

"அது அவங்களுக்குத் தெரியுமா?"

தள்ளினான்.

"போன வழியாவே திரும்பி வர முடியுமா?"

தள்ளினான்.

லாரூ வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்தப் படம்... அதுல போட்ட குறி... ரெண்டு வாரமா இதத்தான் சொல்லிட்டிருந்தியா?"

அவன் ஜாடியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தான். அதன்மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டான்.

ஷெரீஃப் அலுவலகத்தில் போனை எடுத்தவருக்கு ஆர்டனைத் தெரியும். மீட்புக் குழுவில் ஒரு காலத்தில் அவனோடு கயிறு பிடித்தவர். ஆனாலும், சமையலறையில் இருந்தபடி தேய்ன் வாயால் கேட்டிருந்த பெயரை லாரூ சொன்னதும் தயங்கினார்.

"அவங்க நாளைக்குச் சாயங்காலம்தானேம்மா வர்றதா சொன்னாங்க? அதுக்குள்ள எப்படித் தேடப் போறது? கழுதைத் தொண்டையா? அப்படி ஒரு எடமே எங்க வரைபடத்துல இல்லையே."

"என் புருஷனுக்குத் தெரியும். அவர்தான் சொன்னாரு."

"அவருக்குப் பேச்சு வராதுன்னு கேள்விப்பட்டேனே."

"வராது," என்றாள் லாரூ. "ஆனா சொன்னாரு. ரெண்டு வாரமாச் சொல்லிட்டிருக்காரு, நாங்க யாரும்தான் கேக்கல. இப்ப நீங்களும் கேக்கலன்னா நானே கயித்த எடுத்துக்கிட்டுப் போறேன். எனக்கு முடிச்சுப் போடத் தெரியாது. அப்புறம் என்னையும் சேத்துத் தேடுங்க."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "வழி காட்டுவாரா?"

"காட்டுவாரு."

ஆர்டனை வண்டியில் ஏற்றவே இருபது நிமிடம் ஆனது. முன்னால் லாரூ ஓட்ட, மீட்புக் குழுவின் வண்டி இரண்டு பின்னால் வந்தன. நாற்பது மைல் மண்பாதை, எலும்பை உதிர்க்கிற மேடுபள்ளம். பிரிவு வரும்போதெல்லாம் லாரூ வண்டியை மெதுவாக்குவாள், ஆர்டன் இடது கையை நீட்டுவான். மாடு தாண்டாமல் இருக்கப் போட்ட கம்பிப்பாலத்துக்கு அப்புறம் மூன்று தடங்கள் பிரிந்தன. மூன்றும் ஒரே மாதிரி இருந்தன. அவன் கை பாதியில் நின்றது.

"எது?"

அவனுக்குத் தெரியவில்லை. இருபது வருடம் தூக்கத்தில்கூட ஓட்டிய பாதை. சொற்கள் போனதுபோல் இதுவும் போய்விட்டதோ என்று தோன்றியது. பின்னால் வந்த வண்டிகள் நின்று தூசி முன்னால் வந்து மூடியது. லாரூ இன்ஜினை அணைத்தாள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். தூசி அடங்கியதும் இடது தடத்தின் தூரத்தில், இரண்டாகப் பிளந்த மஞ்சள் பாறை தெரிந்தது. ஆர்டன் கையை நீட்டினான்.

பாதை முடியும் இடத்தில் தேய்னின் வண்டி நின்றது. லாரூ அதைப் பார்த்ததும்தான் அழுதாள்.

அங்கிருந்து அரை மைல் வழுக்குப்பாறை. இரும்புப் பட்டை மாட்டிய காலோடு ஆர்டனால் பத்தடிகூடப் போகமுடியாது. மீட்புக் குழுவின் தலைவர் ஜன்னலோரம் வந்தார். ஆர்டன் வண்டியின் முன்பலகையில் படிந்திருந்த தூசியில் விரலால் வரைந்தான். வளைவு, மூன்று இறக்கம், கடைசிக் கிணறு. அந்தக் கிணற்றுக்கு நேர் மேலே விரலை அழுத்திவைத்தான்.

"இங்க மேல தெறந்திருக்கா? வானம் தெரியுமா?" என்றார் அவர். லாரூ குறுக்கே கையை நீட்டி ஒரு தண்ணீர்ப் பாட்டிலை வைத்தாள். ஆர்டன் இழுத்தான்.

"அப்ப இங்கேருந்து நேராக் கயிறு விட்டா அவங்க தலைக்கு மேலேயே எறங்கும்."

இழுத்தான்.

லாரூ போகவா, இருக்கவா என்று தெரியாமல் நின்றாள். ஆர்டன் அவளைப் பாறைப்பக்கம் பார்த்துத் தலையால் விரட்டினான். அவள் போனாள், வீட்டில் போட்டிருந்த செருப்போடேயே.

அதன்பிறகு அவன் தனியாக இருந்தான். அவன் பக்கத்துக் கதவின் கைப்பிடி வலது பக்கம். வலது கைக்கு உயிரில்லை. உடம்பைத் திருப்பி இடது கையால் எட்டிப் பார்த்தான், எட்டவில்லை. கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. வெயில் முதலில் மடியில் விழுந்தது, பிறகு வயிற்றில், பிறகு முகத்தில். ஒரு ஈ உதட்டோரம் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது. ஒன்றரை மணி, இரண்டு மணி, மூன்று. பாறைமேட்டில் ஒரு தலையும் தெரியவில்லை. அந்தத் தண்ணீர் கோடையிலேயே பல் கிட்டும் குளிர். அதில் ஒரு இரவு முழுக்க நின்றிருப்பார்கள். மார்வாவுக்கு அறுபத்தைந்து. தேய்னுக்கு நீச்சல் வராது. பாஹாவில்கூட அவன்தான் படகைவிட்டு இறங்கமாட்டான். ஆர்டன் அன்றைக்குக் கத்தினான். வாளி, வாளி என்று தொண்டை கிழியக் கத்தினான். கேட்க ஒருவரும் இல்லை என்பதால் வெட்கமில்லாமல் கத்தினான்.

நாலரைக்கு விசில் சத்தம் கேட்டது. மேட்டில் முதலில் லாரூ தெரிந்தாள், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு போர்வைக்குள் மார்வா. பின்னால் நாலு பேர் படுக்கையொன்றைத் தூக்கிவந்தார்கள். அதில் தேய்ன் கிடந்தான். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. அடைத்த பாறையில் ஏறப்பார்த்து விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது.

மார்வாவின் பற்கள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தன. அப்படியும் பேசினாள். "ஒரே ஒரு கல்லு, லாரூ, ரெண்டு பேரு ஒட்டி உக்கார்ற அளவு. அந்த மணல் திட்டெல்லாம் முங்கி, மத்தபடி இடுப்பளவு தண்ணி. தூங்கினா விழுந்துருவோம்னு ராத்திரி பூரா கத சொன்னோம். பாஹா, அந்தக் கிழவர், எல்லாம் தீந்துபோச்சு. விடியறப்ப இவன், சின்ன வயசுல என் சைக்கிள உடைச்சது தான்தான்னு ஒத்துக்கிட்டான். அவ்ளோ தூரம் வந்துட்டோம்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "நாளைக்குத்தான் எங்களத் தேடவே ஆரம்பிப்பாங்கன்னு கணக்குப் போட்டோம். தேய்ன் அதுவரைக்கும் தாங்கியிருக்க மாட்டான். உனக்கு யாரு சொன்னா?"

லாரூ வண்டியைக் காட்டினாள்.

மார்வா ஆர்டனைப் பார்த்தாள். முன்பலகைத் தூசியில் இருந்த படத்தைப் பார்த்தாள். அவன் தாளில் கரிக்கோலை உடைத்தது அவள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அப்படியே செம்மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

இதெல்லாம் பிற்பாடு, அதே தெருவில் இருக்கும் நான் லாரூவிடம் கேட்டும், ஆர்டனோடு பல காலைகள் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொல்லி அவன் இழுக்கிறானா தள்ளுகிறானா என்று பார்த்தும் தெரிந்துகொண்டது. அவனுக்குப் பேச்சு திரும்பவில்லை. அடுத்த வசந்தத்துக்குள் இன்னும் ஒன்பது சொற்கள் வந்தன, அவ்வளவுதான்.

மூன்று வியாழக்கிழமை மார்வா மட்டும் வந்தாள். நாலாவது வாரம் தேய்ன் வந்தான், முழங்கால்வரை மாவுக்கட்டோடு, இரண்டு கக்கத்திலும் கட்டையோடு. ஆர்டன் அவனைப் பார்த்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். தேய்ன் எதிரே போய் உட்காரவில்லை. சுவரோரமிருந்த மர நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நீ சொன்ன," என்றான். "நான்தான் பேசிட்டே இருந்தேன்."

அதற்குமேல் அவன் ஒன்றும் பேசவில்லை. தேய்ன் ஒரு அறையில் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததை மார்வாவே பார்த்ததில்லையாம். பதினோரு மணி ஆனது, பன்னிரண்டானது. லாரூ சூப் கொண்டுவந்து வைத்தாள், ஆறிப்போனது. ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஆர்டன் திரும்பினான். வாயைத் திறந்தான், மூடினான். மறுபடி திறந்தான். தேய்ன் காத்திருந்தான், எதையும் எடுத்துக்கொடுக்கவில்லை. கடைசியில் ஆர்டன் இடது கையை நீட்டி அந்த மாவுக்கட்டைச் சுட்டினான்.

"எட்டு வாரமாம்," என்றான் தேய்ன். "உன்ன மாதிரியே வீட்ட விட்டு எங்கயும் நகரக்கூடாதாம்."

ஆர்டனின் இடது பக்க உதடு மெல்ல மேலேறியது. மார்வாதான் முதலில் சிரித்தாள்.